13-0-45 பொட்டலமும் மூன்றடித் தொட்டியும்

மீன் தொட்டிக்குள் வளர்க்கிற செடிகளுக்கென்று பாட்டிலில் விற்கிற திரவ உரத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி பொட்டாசியம் நைட்ரேட், கொஞ்சம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், சில பாட்டில்களில் சிட்டிகை நுண்ணூட்டம். இதே உப்புகளை மன்னார்குடி உரக்கடையில் ஒரு கிலோ பொட்டலமாக வாங்கலாம். வாழைக்குச் சொட்டு நீரோடு விடுவதற்கும் உளுந்துக்குப் பூக்கிற நேரத்தில் தெளிப்பதற்கும் வாங்கிப் போகிறார்களே, அந்தச் சரக்குதான். கடையில் கிடைக்காதது ஒன்றுதான்: எவ்வளவு போடுவது என்ற கணக்கு. பொட்டலத்தின் பின்பக்கம் ஏக்கருக்கு இத்தனை கிலோ, டேங்குக்கு இத்தனை கிராம் என்று இருக்கும். தொட்டிக்கு எவ்வளவு என்று இருக்காது.

கடைக்காரர் அண்ணன் கேட்டதும் அதைத்தான். "எத்தனை மா நிலத்துக்கு தம்பி?"

"மா கணக்கு இல்லண்ணே, மீன் தொட்டிக்கு."

"மீனுக்கு எதுக்குப்பா உரம்?"

"மீனுக்கு இல்லண்ணே, உள்ளே இருக்கிற செடிக்கு."

"செடிக்குன்னா 19-19-19 எடுத்துக்க. எல்லாமே அதுல இருக்கு."

அவர் சொன்னது வயலுக்குச் சரி. தொட்டிக்கு அதுதான் ஆகாது. பொட்டலத்து எண்கள் வரிசையாக நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் எத்தனை சதம் என்று சொல்பவை. 19-19-19-இல் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி யூரியாவாகவும் அம்மோனியமாகவும் இருக்கிறது. யூரியா தண்ணீரில் உடைந்தால் அதுவும் அம்மோனியாவில்தான் போய் நிற்கும். எங்கள் போர்த் தண்ணீரின் பிஹெச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், 8-ஐ ஒட்டி இருக்கிறது. கோடையில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். அந்தச் சூட்டில், அந்த பிஹெச்-இல், மொத்த அம்மோனியத்தில் 100-க்கு 7 பங்குக்கு மேல் மீனின் செவுளைத் தாக்கும் அம்மோனியாவாக மாறி நிற்கும். பிஹெச் 7 என்றால் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே நம் பக்கத்துத் தண்ணீருக்கு யூரியா, அம்மோனியம் உள்ள டிஏபி, 19-19-19 மூன்றையும் தொட்டி பக்கமே கொண்டுவர வேண்டாம். நைட்ரஜன் முழுக்க நைட்ரேட்டாக இருக்கிற 13-0-45 என்கிற பொட்டாசியம் நைட்ரேட், பாஸ்பேட்டுக்கு 0-52-34 என்கிற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், தனிப் பொட்டாஷுக்கு 0-0-50 என்கிற சல்பேட் ஆஃப் பொட்டாஷ். இந்த மூன்று பொட்டலம் போதும்.

முதலில் தண்ணீரை அளக்க வேண்டும். என் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கினால் 150 லிட்டருக்கு மேல் வரும், விற்றவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் கண்ணாடிக்குத் தடிமன் உண்டு. அடியில் மண், நடுவில் கட்டை, கல், மேலே விளிம்புக்குக் கீழே விரற்கடை இடைவெளி. இவை போக உள்ளே நிற்கிற தண்ணீர்தான் கணக்குக்கு வேண்டியது. இதற்கு வாய்ப்பாடு தேட வேண்டாம். தொட்டியை அமைத்து முடித்து நிரப்பும்போது 20 லிட்டர் குடிநீர் கேனால் ஊற்றினால் முடிந்தது. எனக்கு ஆறு கேன் பிடித்தது, 120 லிட்டர். 150 என்று நம்பிப் போட்டால் எல்லா அளவும் கால் பங்கு கூடுதலாகவே போகும்.

அடுத்தது பொட்டலத்தில் உள்ள எண்களின் குழப்பம். 13-0-45 என்றால் 13 சதம் நைட்ரஜன். அது நைட்ரேட்டின் அளவு இல்லை. தொட்டிக்காரர்கள் பேசுவதும் பரிசோதனைக் கிட் காட்டுவதும் பெரும்பாலும் நைட்ரேட் கணக்கு. நைட்ரஜனை 4.43-ஆல் பெருக்கினால் நைட்ரேட், அதாவது 13 சதம் இங்கே 57.6 சதம் ஆகிறது. சில கிட் நைட்ரஜன் கணக்கிலேயே காட்டும், அட்டையை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 45 என்பதும் நேரடிப் பொட்டாசியம் இல்லை. பழைய வேதியியல் வழக்கப்படி உரத்தை ஆக்சைடாகக் கணக்கிட்டு எழுதுகிறார்கள். அதை 0.83-ஆல் பெருக்கினால் 37.4 சதம் பொட்டாசியம். 0-52-34-இல் இருக்கிற 52-ஐ 1.34-ஆல் பெருக்கினால் பாஸ்பேட் 69.7 சதம், கூடவே 28.2 சதம் பொட்டாசியம். 0-0-50-இல் பொட்டாசியம் 41.5 சதம்.

இவ்வளவு தெரிந்துவிட்டால் மீதி ஒரு வகுத்தல்தான். எங்கள் சித்தப்பா ஏக்கருக்கு இவ்வளவு நைட்ரஜன் என்று யாராவது சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதம், அதாவது 20.7 கிலோ நைட்ரஜன் என்று வைத்து மனக்கணக்காகவே மூட்டைக் கணக்குச் சொல்லிவிடுவார். தொட்டிக்கும் அதே கணக்கு, கிலோவுக்குப் பதில் மில்லிகிராம். ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் கரைந்தால் ஒரு பிபிஎம். வேண்டிய பிபிஎம்-ஐ லிட்டரால் பெருக்கி, உரத்தில் உள்ள பங்கால் வகுக்க வேண்டும். 120 லிட்டரில் நைட்ரேட்டை 10 பிபிஎம் கூட்ட 1200-ஐ 0.576-ஆல் வகுத்தால் 2083 மில்லிகிராம். இரண்டு கிராமும் கொஞ்சமும்.

சரி, அந்த 10 எங்கிருந்து வந்தது? தொட்டிச் செடி உலகில் டாம் பார் என்பவர் பரப்பிய முறை ஒன்று உண்டு. செடிக்கு எதுவும் குறையாதபடி தாராளமாகப் போடு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி மிச்சத்தைக் கழி என்பது அதன் சாரம். அவர் மனதில் வைத்தது கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் பலத்த விளக்கும் உள்ள தொட்டி. என்னிடம் சிலிண்டர் இல்லை, விளக்கும் சாதாரண எல்இடி, நாளுக்கு ஆறு மணி நேரம். இப்படிப்பட்ட தொட்டியில் செடி மெதுவாகத்தான் தின்னும். அவர் அளவில் பாதியோ மூன்றில் ஒன்றோ போதும். வாரத்துக்கு நைட்ரேட் 10, பாஸ்பேட் 1, பொட்டாசியம் 10 பிபிஎம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த முறையில் எனக்குப் பிடித்தது தாராளம் இல்லை, பாதித் தண்ணீர் மாற்றுவதில் ஒளிந்திருக்கிற உச்சவரம்பு. வாரம் 10 போட்டுப் பாதியை மாற்றினால், செடி ஒரு துளிகூட எடுக்காவிட்டாலும் தண்ணீர் மாற்றுவதற்கு முன்பு அளவு 20-ஐத் தாண்டவே தாண்டாது. 10, 15, 17.5 என்று ஏறி 20-க்கு அடியில் நின்றுவிடும். வாரம் கால் பங்கு மட்டும் மாற்றினால் உச்சம் 40. மாற்றாமலே விட்டால் உச்சம் என்று ஒன்றே இல்லை. தராசு கொஞ்சம் தப்பாகக் காட்டினாலும் வாளி காப்பாற்றும் என்கிற தைரியம் இதில் கிடைக்கிறது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு. மாற்றுகிற புதுத் தண்ணீரில் நைட்ரேட் பூஜ்யம் என்று அது வைத்துக்கொள்கிறது. டெல்டாவில் அப்படி வைத்துக்கொள்ள முடியாது. போர்த் தண்ணீரையே சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கிட்டையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் வெயிலிலும் புழுக்கத்திலும் கடையில் கிடந்த கிட் என்ன நிறம் காட்டும் என்று சொல்ல முடியாது. நம்மிடம்தான் பங்கு தெரிந்த உரம் இருக்கிறதே. 13-0-45-இல் 1.74 கிராம் எடுத்து ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் கரைத்தால் 1000 பிபிஎம் நைட்ரேட். அதில் 10 மில்லியை எடுத்துக் கேன் தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கினால் 10 பிபிஎம். அதைக் கிட்டில் போட்டால் அட்டையின் 10 நிறம் வர வேண்டும். வெறும் கேன் தண்ணீரில் நிறமே வரக் கூடாது. என் கிட் 10-ஐ ஒழுங்காகவே காட்டியது. அப்புறம் போர்த் தண்ணீரைப் போட்டேன். அதுவும் அதே 10 நிறம்.

வயல் உரமா, பின்கட்டுச் செப்டிக் டேங்கா என்று தண்ணீர் சொல்லப் போவதில்லை. நைட்ரேட்டைக் களிமண்ணும் பிடித்து வைக்காது, தண்ணீரோடு இறங்கிவிடும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்திருக்கிற எல்லை 45 மில்லிகிராம், ஆகவே 10 ஒன்றும் பயப்படுகிற அளவு இல்லை. ஆனால் உரக் கணக்கு மாறுகிறது. புதுத் தண்ணீரில் இருப்பதை அப்படியே உச்சத்தோடு கூட்ட வேண்டும். வாரம் 10 போட்டால் உச்சம் 20 இல்லை, 30. எனக்கு 20-இல் நிறுத்த ஆசை. அப்படியானால் போட வேண்டியது வாரம் 5 மட்டும். கூடவே மீன் தீனியிலிருந்தும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொஞ்சம் வந்துகொண்டேதான் இருக்கும்.

நைட்ரேட்டைப் பாதியாக்கினால் அதோடு ஒட்டி வந்த பொட்டாசியமும் பாதியாகிறது. இங்கேதான் பாட்டில் உரத்தை அப்படியே ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் விகிதம் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறது. நைட்ரேட் வேண்டாம் என்று குறைத்தால் பொட்டாஷும் குறைந்துவிடும். தனித்தனிப் பொட்டலம் வைத்திருந்தால் அந்த வம்பு இல்லை. நைட்ரேட் 5-க்கு 13-0-45 வாரம் 1.04 கிராம், அது தருகிற பொட்டாசியம் 3.25 பிபிஎம். பாஸ்பேட் 1-க்கு 0-52-34 வெறும் 0.17 கிராம், அதிலிருந்து பொட்டாசியம் 0.4. பத்துக்கு இன்னும் ஆறரை பிபிஎம் சுமார் வேண்டும். அதை 0-0-50 தர வேண்டும், 1.84 கிராம்.

0.17 கிராமை வாரா வாரம் சாதாரணத் தராசில் நம்பி நிறுக்க முடியாது. கரண்டி அளவும் உதவாது. ஐப்பசி ஈரத்தில் உரம் கட்டிதட்டி, ஒரே கரண்டியில் ஒருநாள் குறைவாகவும் ஒருநாள் அதிகமாகவும் பிடிக்கும். ஆகவே கரைசலாக்கிவிடுவதுதான் வழி. 500 மில்லி பாட்டில், ஒரு தடவைக்கு 10 மில்லி, வாரம் மூன்று தடவை. ஒரு பாட்டிலில் 50 தடவை வரும், ஏறக்குறைய நாலு மாதம். 50 தடவைக்கு 13-0-45 17.4 கிராம், 0-52-34 2.9 கிராம், 0-0-50 30.6 கிராம். இந்த எடைகளை நகை நிறுக்கிற சின்னத் தராசு தெளிவாகவே காட்டும். மூன்றையும் ஒரே பாட்டிலில் கலக்கலாம், ஒன்றோடொன்று திரியாது. 400 மில்லி கேன் தண்ணீரில் கரைத்துவிட்டுக் கடைசியில் 500-க்கு நிரப்ப வேண்டும். போர்த் தண்ணீர் விட்டால் அதன் சுண்ணாம்பும் பாஸ்பேட்டும் சேர்ந்து வெண்மையாக அடியில் தங்கிவிடும். 0-0-50 மட்டும் கரைய அடம் பிடிக்கும். ராத்திரி கலக்கி வைத்துவிட்டுக் காலையில் ஒரு குலுக்கு குலுக்கி, துணியில் வடிகட்டிக்கொள்வேன். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் மருந்துக் கடையில் கிடைக்கும்.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒரு கிலோ 13-0-45 என் தொட்டிக்கு 18 வருஷம் வரும். ஒரு கிலோ 0-52-34 நூறு வருஷத்தைத் தாண்டும். உதிரியாகக் கொடுங்கள் என்றால் கடையில் பொட்டலம் பிரிக்க மாட்டார்கள். 100 கிராம் அளவில் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை டேங்குக்கு 100 கிராம் வீதம் உளுந்துக்குத் தெளித்து ஒரே நாளில் தீர்த்துவிட்டார்.

இரும்பு தனிக் கதை. அதை இந்தப் பாட்டிலில் சேர்க்கக் கூடாது, பாஸ்பேட்டோடு சேர்ந்து திரிந்து படிந்துவிடும். வேறு பாட்டில், வேறு நாள். திங்கள், புதன், வெள்ளி பேரூட்டம் (மேலே சொன்ன பாட்டில்) என்றால் செவ்வாய், வியாழன் இரும்பு, ஞாயிறு தண்ணீர் மாற்று. எந்த இரும்பு என்பதும் முக்கியம். உரக்கடையில் சுலபமாகக் கிடைப்பது இடிடிஏ இரும்பு, அதாவது இரும்பைக் கரைந்தபடியே பிடித்து வைக்கிற இடிடிஏ என்ற பொருளோடு சேர்ந்தது. அது பிஹெச் ஆறரை வரைதான் பிடியை விடாமல் இருக்கும். நம் தண்ணீரில் போட்டால் சீக்கிரம் கைவிட்டுத் துருவாகப் படியும். டிடிபிஏ இரும்பு ஏழரை வரை தாங்கும், ஆகவே 8-இல் அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். அதனால்தான் ஒரேயடியாகப் போடாமல் இரண்டு தவணை. இடிடிஎச்ஏ என்று ஒன்று உண்டு, நம் தண்ணீரில் அதுதான் உறுதியாக நிற்கும். ஆனால் தொட்டித் தண்ணீர் ரோஸ் நிறமாகிவிடும், எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. 11 சதம் டிடிபிஏ இரும்பில் 1.4 கிராமை 250 மில்லியில் கரைத்து 10 மில்லி விட்டால் தடவைக்கு 0.05 பிபிஎம். பாட்டிலை இருட்டில் வைக்க வேண்டும், வெளிச்சம் பட்டால் பிடி உடைந்துபோகும். மற்ற நுண்ணூட்டங்களுக்குக் கலவைப் பொட்டலம் வாங்கினால் தாமிரம் எத்தனை சதம் என்று பார்த்துவிடுங்கள். இறால், நத்தை வளர்ப்பவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். மெக்னீசியத்துக்கும் சுண்ணாம்புக்கும் நான் எதுவும் போடுவதில்லை. குழாய் வாயில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிற உப்பே அவை எவ்வளவு இருக்கின்றன என்று சொல்லிவிடும்.

அளவு சரியா என்று கடைசியில் சொல்ல வேண்டியது இலை. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும், ஆகவே அடி இலையில் தெரியும். இரும்பு, சுண்ணாம்பு அப்படி நகராது, குறை நுனியில் தெரியும். நெல்லில் அடி இலை மஞ்சளித்தால் யூரியா, குருத்து வெளுத்தால் இரும்பு என்று வரப்பில் நின்று சொல்வார்களே, அதுவேதான். என் தொட்டியில் ஹைக்ரோஃபிலாவின் அடி இலைகளில் குண்டூசி குத்தினாற்போல ஓட்டை விழுந்து, ஓரம் மஞ்சளாகியிருந்தது, பொட்டாஷ் குறைவின் அடையாளம். ஹைக்ரோஃபிலா வேறு யாருமில்லை, நம் வாய்க்கால் நீர்முள்ளியின் பங்காளி. புதுப் பாட்டில் ஆரம்பித்த பிறகு ஓட்டை விழுந்த இலை ஆறாது, ஆறும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. அதன்பின் வந்த இலைகள் கீழே இறங்கி வயதான பிறகும் ஓட்டை விழாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். அதற்குள் பொறுமையில்லாமல் இரண்டு மூன்று விஷயத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வரப்பில் பிடுங்கிய நீர்ப்பிரமியை நட்டால் இலைக் கணக்கு முதலில் ஏமாற்றும். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் நிற்காது. அழுகி உதிரும், அப்புறம் மெல்லிய புது இலை வரும். அது உரக் குறைவு இல்லை. பூச்சிமருந்து அடித்த வயலோரத்தில் எடுக்காதீர்கள், எங்கே எடுத்தாலும் தனி வாளியில் சில நாள் தண்ணீர் மாற்றி மாற்றி வைத்துவிட்டு நடுங்கள். பாசி வந்தால் உரத்தை நிறுத்தத் தோன்றும். நான் முதலில் கை வைப்பது விளக்கில், ஆறு மணி நேரத்தை ஐந்தாக்குவேன். ஜன்னல் வெயில் விழுகிறதா என்றும் பார்ப்பேன்.

வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மாடித் தண்ணீரைப் பிடித்துப் போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து மாற்றுகிறேன். முதல் மழையை ஓட விட்டுவிட்டு, மாடி கழுவப்பட்ட பிறகு பிடிப்பது. அப்போது புதுத் தண்ணீரின் நைட்ரேட் 5-க்கு இறங்கிவிடுகிறது, உச்சத்தை 20-இல் வைக்க வாரம் ஏழரை போட வேண்டும். ஆகவே அந்தக் காலத்துக்கு வேறு பாட்டில்: 500 மில்லிக்கு 13-0-45 26 கிராம், 0-52-34 அதே 2.9 கிராம், 0-0-50 23 கிராம். சுண்ணாம்பும் மெக்னீசியமும் பாதியாகும், எங்கள் தண்ணீருக்குப் பாதியும் போதும். பிஹெச் கொஞ்சம் இறங்குவதால் இரும்பு முன்னைவிட நீடித்து நிற்கிறது. தை பிறந்து மாடித் தொட்டி காலியானதும் பழைய பாட்டிலுக்குத் திரும்பிவிடுவேன். இரண்டு பாட்டிலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் 'போர்', 'மழை' என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தொட்டியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் வருகிற நாட்களில் அந்த இரண்டு சொல்லோடு 10 மில்லி என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும்.